வெளிநாட்டுப் பணம்: அனுப்பும்போதும் எடுக்கும்போதும் கண்ணில் படாமல் கழியும் தொகை – முழு வழிகாட்டி

துபாயிலிருந்து பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்கு 2,000 திர்ஹாம் அனுப்பினால் ரசீதில் "கட்டணம் 20 திர்ஹாம்" என்று இருக்கும். செலவு அவ்வளவுதான் என்று அனுப்பியவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் பணம் மூன்று நான்கு இடங்களில் கழிகிறது. ரசீதில் ஏறுவது அதில் ஒன்றுதான். மாற்று விகிதத்துக்குள் கொஞ்சம், நடுவில் நிற்கும் வங்கியிடம் கொஞ்சம், இங்கே வந்து இறங்கும் வங்கியில் கொஞ்சம் என்று மீதி போகிறது.

ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி, வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் 19.7 சதவீதம் கேரளத்துக்கும் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கும் வருகிறது. பாலக்காட்டில் வாளையாரிலிருந்து கோவிந்தாபுரம் வரை எல்லையோரத் தமிழ் ஊர்களில் இரண்டு கணக்கிலும் சேரும் வீடுகள் உண்டு: ஆள் வளைகுடாவில், குடும்பம் வண்ணாமடையில், வங்கிக் கணக்கு பொள்ளாச்சியில். பாலக்காட்டுச் சித்தூருக்குச் சொல்வதெல்லாம் ஆந்திரச் சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து குவைத்துக்குப் போனவர்களுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

முதலில் நடு விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைதான் நடு விகிதம். கூகுளில் தேடினால் வருவதும் ஏறக்குறைய அதுதான். அந்த விலை நமக்கு யாரும் தர மாட்டார்கள். ஆனால் அளவுகோல் அதுவே. அது தெரியாமல் "இன்று நல்ல ரேட்" என்று யார் சொன்னாலும் நம்பித்தான் ஆக வேண்டும்.

வளைகுடாவில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அங்குள்ள நாணயங்களில் பெரும்பாலானவை டாலரோடு நிலையாகக் கட்டப்பட்டவை. ஒரு டாலர் என்பது 3.6725 அமீரகத் திர்ஹாம், 3.75 சவூதி ரியால், 3.64 கத்தார் ரியால், 0.376 பஹ்ரைன் தினார், ஏறக்குறைய 0.3845 ஓமன் ரியால். அன்றைய டாலரின் ரூபாய் விலையை இந்த எண்ணால் வகுத்தால் நடு விகிதம் கிடைத்துவிடும். டாலர் 88.14 ரூபாய் என்றால் திர்ஹாம் சரியாக 24 ரூபாய்.

குவைத் தினாருக்கு மட்டும் இந்தக் கணக்கு ஓடாது. அது ஒரே நாணயத்தோடு கட்டப்பட்டதல்ல, பல நாணயங்களின் கூடையோடு கட்டப்பட்டது. குவைத்துக்குப் போன ஆந்திர ராயச்சோட்டி, ராஜம்பேட்டை பக்கத்து ஆட்கள் தினாரின் விலையை நேரடியாகத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் டாலருக்கும் அப்படியே.

"திர்ஹாம் ஏறிவிட்டது, இப்போது அனுப்பலாம்" என்று சொல்வதன் உண்மைப் பொருள் ரூபாய் டாலருக்கு எதிரே இறங்கிவிட்டது என்பதுதான். ஆகவே பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண், டாலர்.

எல்லா வழிக்கும் ஒரே கணக்கு

கட்டணம் எவ்வளவு, விகிதம் எவ்வளவு என்று தனித்தனியாக ஒப்பிடாதீர்கள். கடைக்காரருக்கு வேண்டியதே அதுதான். ஒன்றைக் குறைத்துக் காட்டி மற்றதில் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் போட வேண்டிய கணக்கு இது:

1. கட்டணம், வரி எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போன மொத்த வெளிநாட்டுப் பணத்தை எழுதுங்கள்.
2. ஊரில் பாஸ்புக்கில் ஏறிய ரூபாயை எழுதுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த தொகையிலிருந்து அடுத்த நாள் தனியாக ஏதும் பிடித்திருந்தால் அதையும் கழியுங்கள்.
3. இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். உங்களுக்கு உண்மையில் கிடைத்த விகிதம் அதுதான்.
4. நடு விகிதத்திலிருந்து அது எத்தனை சதவீதம் குறைவு என்று பாருங்கள். மொத்தச் செலவு அவ்வளவு.

நடு விகிதம் 24, கையில் 2,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைசாவும் கழியாவிட்டால் 48,000 ரூபாய் வர வேண்டும். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்த எண்கள். அன்றன்றைய எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்சேஞ்ச் கடை: கட்டணம் 20, அதன்மேல் 5 சதவீத வாட் 1, ஆக 21 திர்ஹாம். விகிதம் 23.86. மிச்சம் 1,979 திர்ஹாமுக்கு 47,219 ரூபாய் வரும். கழிந்தது 781 ரூபாய், 1.6 சதவீதம்.

"கட்டணமே இல்லை" என்ற செயலி: விகிதம் 23.55. வருவது 47,100. கழிந்தது 900 ரூபாய், 1.9 சதவீதம். இலவசம் என்றதற்கு 119 ரூபாய் கூடுதல் விலை.

வங்கியிலிருந்து வங்கிக்கு ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் வலை): கட்டணமும் வாட்டும் சேர்த்து 52.50 திர்ஹாம். பணம் திர்ஹாமாகவே வந்து இங்கே மாறுகிறது, விகிதம் 23.50. வரவுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 118, நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி 82. கையில் வருவது ஏறக்குறைய 45,566. கழிந்தது 2,434 ரூபாய், 5 சதவீதத்துக்கு மேல்.

மூன்றாவது வழி ஏன் இவ்வளவு மோசம் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. எக்ஸ்சேஞ்ச் கடைகள் இந்திய வங்கிகளோடு ரூபாய் ஏற்பாடு வைத்திருக்கின்றன. பணம் அங்கேயே ரூபாயாக மாறி, இங்கே வெறும் ரூபாய்ப் பரிமாற்றமாக வந்து ஏறுகிறது. இந்திய வங்கி நாணயம் மாற்றுவதில்லை. ஆகவே அதற்கான ஜிஎஸ்டியும் இல்லை, வங்கியின் வாங்கும் விகிதம் என்ற வெட்டும் இல்லை. ஸ்விஃப்டில் இவை எல்லாம் இங்கே நடக்கின்றன.

அந்த ஜிஎஸ்டி எப்படி வருகிறது? மாற்றும் தொகை முழுவதற்கும் வரி கிடையாது. 1 லட்சம் வரை தொகையின் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பு என்று எடுத்து, அதன்மேல் 18 சதவீதம் போடுகிறார்கள். சேவை மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையாது என்பதால் எவ்வளவு சிறிய தொகைக்கும் குறைந்தது 45 ரூபாய். 1 லட்சத்துக்கு 180 ரூபாய், 10 லட்சத்துக்கு 990, எவ்வளவு போனாலும் உச்சம் 10,800. வங்கி இதற்கு மேல் ஜிஎஸ்டி பிடித்திருந்தால் எந்தக் கட்டணத்துக்கு என்று கேளுங்கள்.

சிறு தொகையா, பெரிய தொகையா

மேலே சொன்ன எக்ஸ்சேஞ்ச் கடையையும் கட்டணமில்லாச் செயலியையும் எடுத்துக்கொண்டால், இரண்டும் சமமாகும் இடம் சுமார் 1,616 திர்ஹாம். அதற்குக் கீழே செயலி லாபம், மேலே கடை லாபம். 500 திர்ஹாம் அனுப்பினால் செயலியில் 11,775 ரூபாய், கடையில் 11,429. 10,000 திர்ஹாம் அனுப்பினால் செயலியில் 2,35,500, கடையில் 2,38,099. சிறு தொகையில் கட்டணம்தான் கொல்லும், பெரிய தொகையில் விகிதம்தான் கொல்லும்.

வாரச் செலவுக்கு 300 திர்ஹாம் வீதம் மாதம் நான்கு முறை கடையில் அனுப்புகிறவர் 84 திர்ஹாம் கட்டணம் கொடுக்கிறார். 1,200 திர்ஹாமை ஒரே முறை அனுப்பியிருந்தால் 21. ஊரில் இருப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் அனுப்புவதைவிட, மாதம் ஒருமுறை அனுப்பி இங்கே பிரித்துக்கொள்வது எளிது. வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம்தான்.

செயலிகளின் முதல் பரிமாற்றச் சலுகை விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டாவது முறை என்ன விகிதம் தருகிறார்கள் என்பதுதான் அந்தச் செயலியின் உண்மை விலை. கடன் அட்டையிலிருந்து பணம் அனுப்ப ஒருபோதும் முயலாதீர்கள். பல வங்கிகள் அதை ரொக்க முன்பணமாக எடுத்துக்கொண்டு அன்றிலிருந்தே வட்டி போடும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரியில் தொடங்கிய யுபிஐ–பேநவ் இணைப்பு உண்டு (பேநவ் என்பது நம் யுபிஐ போன்ற சிங்கப்பூர் முறை). தொடங்கும்போது ஒரு நாள் வரம்பு 60,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு இதுவே தாராளம். அதையும் மேலே சொன்ன வகுத்தல் கணக்கில் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க: 2026 ஜனவரி 1 முதல் ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர் செக் கொடுத்து அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்தோ அங்குள்ள டெபிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் இல்லை.

எந்த நாளில் அனுப்புவது

இந்தியாவுக்குள் வங்கிக்கு வங்கி பணம் மாற்றும் நெஃப்ட் முறை 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுவதால் ஞாயிற்றுக்கிழமை அனுப்பினாலும் பணம் வந்துவிடும். ஆனால் இந்திய நாணயச் சந்தை சனி, ஞாயிறு மூடியிருக்கும். திங்களன்று விலை எங்கே திறக்கும் என்று தெரியாததால் செயலிகளும் கடைகளும் தங்கள் பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்தே வெட்டும். சவூதி, குவைத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. சம்பளம் வாங்கி வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போனால் நம் சந்தை திறந்திருக்கும். கூட்டம் குறையட்டும் என்று சனிக்கிழமை போனால் மூடியிருக்கும்.

ரூபாய் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பது பற்றி ஒரு வார்த்தை. 24 ரூபாய் 24.10 ஆனால் 2,000 திர்ஹாமுக்குக் கிடைப்பது 200 ரூபாய். அதே நேரத்தில் மோசமான வழியை விட்டு நல்ல வழிக்கு மாறினால், மேலே பார்த்தபடி, 1,600 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். காத்திருப்பது சூது, வழியை மாற்றுவது நிச்சயம்.

திரும்பி வரும் பணம்

அனுப்பிய பணம் ஏறாமல் திரும்பினால் கட்டணம் போனது போனதுதான். சில வழிகளில் இரண்டு முறை நாணயம் மாறி அதிலும் வெட்டு விழும். எல்லையோரத்தில் இது அடிக்கடி நடக்கக் காரணம் பெயர். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் பின்னால், வங்கியில் இனிஷியல் முன்னால். தமிழ்நாட்டுச் சான்றிதழில் கந்தசாமி, கேரளத்து ஆதாரில் கந்தஸ்வாமி. வங்கிக் கணக்கில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்க வேண்டும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதே பாதுகாப்பு. வாயால் சொல்லி எழுதியது வேண்டாம்.

அடுத்தது ஐஎஃப்எஸ்சி, வங்கிக் கிளையின் அடையாள எண். 11 எழுத்தில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' எழுத்தைப் போடுகிறவர்கள் ஏராளம். இணைந்துபோன வங்கிகளின் பழைய எண் இன்னொரு பொறி. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கியோடு சேர்ந்தது. ஆந்திரா வங்கி 2020 ஏப்ரலில் யூனியன் வங்கியோடு சேர்ந்தது. ஆந்திரச் சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமிய வங்கி 2025 மே 1 அன்று ஆந்திரப் பிரதேச கிராமிய வங்கியானது. எக்ஸ்சேஞ்ச் கடையில் பல ஆண்டுகளுக்கு முன் சேமித்து வைத்த பயனாளி விவரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேரளத்தில் பலர் சர்வீஸ் சொசைட்டி என்ற கூட்டுறவுச் சங்கத்தில்தான் பணம் வைப்பார்கள். ஸ்விஃப்ட் பணம் அங்கே நேரே வந்து சேராது. வணிக வங்கி ஒன்றில் கணக்கு வைத்து அதில் இறக்கி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போல எண் சொல்லி வாங்கும் முறைக்கும் வரம்பு உண்டு: ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஆண்டுக்கு 30 முறை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர மாட்டார்கள், கணக்கில்தான் ஏறும்.

எந்தக் கணக்கில் இறங்க வேண்டும்

பெரிய நஷ்டம் இங்கேதான் நடக்கிறது, எந்த ரசீதிலும் ஏறாமல்.

வெளிநாட்டு வேலைக்குப் போனதும் ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்ற வேண்டும். அப்படியே விட்டு வைப்பது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு திறக்க வேண்டும். நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும் வரை என்ஆர்இ வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதத்தை வங்கி முதலிலேயே பிடித்துவிடும்.

மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு நேரே அனுப்புவது தவறல்ல, அவருக்கு அது வருமானமும் ஆகாது. ஆனால் செலவுபோக மிச்சத்தை அவர் பெயரில் வைப்பு வைத்தால், அந்த வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கப்படும். வீட்டுச் செலவுக்கு வேண்டியது அவர் கணக்குக்கு, சேமிப்பு உங்கள் என்ஆர்இ கணக்குக்கு என்று பிரித்து அனுப்புவதே முறை. என்ஆர்இ கணக்கை உள்ளூர்ச் செலவுக்கு இயக்க மனைவிக்கோ அப்பாவுக்கோ அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். எல்லா வங்கியிலும் படிவம் இருக்கிறது.

இன்னொரு வேறுபாடு பின்னால்தான் தெரியும். என்ஆர்இ பணத்தை எப்போது வேண்டுமானாலும் தடையின்றித் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். என்ஆர்ஓவில் சேர்ந்த பணத்துக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பும், ஆடிட்டர் சான்றும், வரிப் படிவங்களும் வேண்டும். ஆடிட்டர் கட்டணமும் ஒரு செலவுதான். ஊருக்கே திரும்பிவிட்டால் வங்கியிடம் சொல்லி இந்தக் கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிட வேண்டும்.

இங்கிருந்து அங்கே: படிக்கப் போகும் பிள்ளைக்கு

ஜெர்மனி போகும் மாணவருக்குத் தடைக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், மாதம் 992 வீதம். யூரோ நடு விகிதம் 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 11,90,400. வங்கி 102க்கு விற்றால் 12,14,208. கட்டணம் என்று ஒரு வரியும் எழுதாமல் 23,808 ரூபாய் போய்விட்டது. இதன்மேல் ஸ்விஃப்ட் கட்டணம், சுமார் 1,029 ரூபாய் ஜிஎஸ்டி. ஆகவே முதலில் பேசவேண்டியது விகிதம்தான்.

வங்கியின் பலகையில் இருப்பது கார்டு ரேட். சில லட்சங்களைத் தாண்டும் தொகைக்கு, மேலாளரிடம் "டீல் ரேட் வாங்கித் தாருங்கள்" என்று கேட்கலாம். அவர் வங்கியின் செலாவணி மேசைக்கு எழுதி அன்றைய சந்தையை ஒட்டிய விலை கேட்பார். கேட்காதவருக்கு இது கிடைக்காது. கேட்கும்போது இன்னொரு வங்கியோ பதிவுபெற்ற முகவரோ எழுதிக் கொடுத்த விலை கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். கிராமத்துக் கிளைகளில் செலாவணி வேலை நடக்காது, பாலக்காட்டுக்கோ எர்ணாகுளத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போகும். அந்த இடைவெளியில் விலை மாறலாம். எந்த நேரத்து விகிதம் பதியப்படும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலையிலேயே போவது நல்லது, மதியத்துக்குப் பின் கொடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான் போகும்.

படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று மூன்று தேர்வு இருக்கும். ஓயூஆர் என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் தலையில். எஸ்எச்ஏ என்றால் இந்தப் பக்கத்தது உங்களுக்கு, வழியில் உள்ளதும் அந்தப் பக்கத்ததும் பெறுகிறவருக்கு. பிஇஎன் என்றால் எல்லாம் பெறுகிறவருக்கு. ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் எஸ்எச்ஏ போட்டுவிடுவார்கள். நடுவில் ஒரு வங்கி 15, 20 யூரோ எடுத்துக்கொள்ளும். 11,904 போய்ச் சேர வேண்டிய இடத்தில் 11,886 சேரும், விசா நிற்கும். 18 யூரோவுக்காக இன்னொரு முறை கட்டணம் கொடுத்து அனுப்ப வேண்டிவரும். கல்லூரிக் கட்டணத்துக்கும் தடைக் கணக்குக்கும் ஓயூஆர் போடுங்கள், அதோடு 50 முதல் 100 யூரோ கூட வையுங்கள். கூடுதல் பணம் வீணாகாது, பிள்ளையின் கணக்கில்தான் இருக்கும்.

இனி டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் முன்வரி. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்ஆர்எஸ் என்ற வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் இல்லை. அதற்கு மேல் போகும் பகுதிக்கு மட்டும் உண்டு. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் விகிதம் மிகக் குறைவு, மற்றவற்றுக்கு 20 சதவீதம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இல்லவே இல்லை.

இது செலவல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். முடங்காமல் இருக்கச் சில வழிகள்:

– நோக்கக் குறியீட்டைப் பாருங்கள். படிப்புச் செலவுக்கு எஸ் 0305. கட்டணம் மட்டுமல்ல, மாணவரின் அன்றாடச் செலவும் இதில் சேரும். கிளையில் அவசரத்தில் வேறு குறியீடு போட்டால் மேலே சொன்ன 12,14,208 ரூபாயில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட 2,14,208 ரூபாய்க்கு 20 சதவீதம், அதாவது 42,842 ரூபாய் பிடிபடும்.
– வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி. அப்பா 6 லட்சம், அம்மா 6 லட்சம் என்று அவரவர் சொந்தப் பணத்தை அவரவர் கணக்கிலிருந்து அனுப்பினால் இருவருமே வரம்புக்குள்.
– வரம்பு ஏப்ரல் 1 அன்று புதிதாகத் தொடங்கும். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரிக்க முடிந்தால் பிரியுங்கள்.
– சம்பளக்காரர் என்றால், கட்டிய டிசிஎஸ்ஸை அலுவலகத்தில் காட்டி மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியில் கழிக்கச் சொல்லலாம். 2024 அக்டோபரிலிருந்து இதற்கு இடமுண்டு.

பணம் போனதும் வங்கியிடம் ஸ்விஃப்ட் நகலும் யூஇடிஆர் என்ற 36 இடக் கண்காணிப்பு எண்ணும் கேட்டு வாங்குங்கள். பணம் நடுவில் எங்கே நிற்கிறது என்று தேட அதுதான் வேண்டும்.

அங்கே போய் ஏடிஎம்மில் எடுக்கும்போது

2020 மார்ச் 16க்குப் பின் கொடுக்கப்பட்ட இந்திய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. ஏடிஎம், கடை, ஆன்லைன் என்று வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். நெடும்பாசேரியில் விமானம் ஏறும் முன் செய்யுங்கள். அங்கே போய் ஓடிபி வராமல் தவிக்க வேண்டாம்.

இந்திய டெபிட் கார்டில் தாய்லாந்தில் 5,000 பாட் எடுத்தால் என்ன ஆகும்? பாட் 2.70 ரூபாய் என்று வைப்போம், 13,500 ரூபாய். அந்த ஊர் ஏடிஎம் வெளிநாட்டு அட்டைக்கு 220 பாட்டுக்குக் குறையாமல் எடுக்கும், 594 ரூபாய். நம் வங்கியின் மாற்றுக் கட்டணம் பொதுவாக 3.5 சதவீதம், ஜிஎஸ்டியோடு 4.13, ஏடிஎம் எடுத்த 594ஐயும் சேர்த்த தொகைக்கு அது 582 ரூபாய். வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம் 150 என்றால் வரியோடு 177. மொத்தம் 1,353 ரூபாய், சரியாகப் பத்து சதவீதம். அதையே ஒரே முறை 20,000 பாட்டாக எடுத்தால் 5.6 சதவீதமாக இறங்கும். சிறிது சிறிதாக எடுப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான பொறி திரையில் வரும் கேள்வி: "ரூபாயில் பிடிக்கவா, உள்ளூர் நாணயத்தில் பிடிக்கவா?" ரூபாய் என்று பார்த்ததும் பழகிய எண்ணாகத் தெரியும். அமுக்கினால் அந்த இயந்திரக்காரர் தன் விகிதத்தில் மாற்றுவார், அது 3 முதல் 10 சதவீதம் வரை மோசமாக இருக்கும். அதன்பின்னும் இந்திய வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று தனியே பிடிக்கலாம். எப்போதும் உள்ளூர் நாணயமே. சில இயந்திரங்கள் "மாற்றத்தை மறுக்கிறேன்" என்று வைத்திருக்கும். மறுத்தால் பணமே வராது என்று தோன்றும்படி எழுதியிருப்பார்கள். துணிந்து மறுங்கள், பணம் வரும். கடையில் சாதனத்தை அவர்களே அமுக்கிவிட்டால், ரசீதில் ரூபாய் தெரிந்ததும் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். விமான நிலையத்திலும் சுற்றுலாத் தெருவிலும் தனியாக நிற்கும் ஏடிஎம்களை விட்டு, வங்கிக் கிளையோடு சேர்ந்ததைத் தேடுங்கள்.

கடன் அட்டையைக் கடையில் தேய்க்கலாம், ஏடிஎம்மில் செருகக் கூடாது. ரொக்க முன்பணக் கட்டணமும், அன்றே தொடங்கும் வட்டியும் மாற்றுக் கட்டணத்தின்மேல் ஏறும்.

வெளிநாட்டு நாணயத்தை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு நல்லதுதான், ஏற்றிய நாணயத்திலேயே செலவழித்தால். டாலர் ஏற்றிய அட்டையைத் துபாயில் தேய்த்தால் மறுபடி மாற்றம், மறுபடி 2, 3 சதவீதம். ஏற்றும்போது என்ன விகிதம் போட்டார்கள் என்பதையும் அதே வகுத்தல் கணக்கில் பாருங்கள். "மாற்றுக் கட்டணம் பூஜ்யம்" என்பவர்கள் ஏற்றும் விகிதத்தில் எடுத்திருப்பார்கள். ஹோட்டலில் முன்பணமாக இந்த அட்டையைக் கொடுக்காதீர்கள், பிடித்து வைத்த தொகை விடுபட நாள் ஆகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் லீவில் வருகிறவர்கள் அந்த ஊர் அட்டையைப் பாலக்காட்டு ஏடிஎம்மில் போடுவார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு முறைக்கு 10,000 ரூபாய்தான் வரும். ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் கட்டணம். புறப்படும் முன்பே என்ஆர்இ கணக்குக்கு அனுப்பிவிட்டு இங்கே அந்த அட்டையைப் பயன்படுத்துங்கள். சவூதி, அமீரகம், ஓமன், கத்தார், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாட்டு மொபைல் எண்ணிலேயே என்ஆர்இ கணக்கை யுபிஐயோடு இணைக்கவும் வழி உண்டு.

நோட்டாக எடுத்துப் போனால்

ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வாங்கலாம், மீதி அட்டையில். ரொக்கம் கொடுத்து வாங்கினால் 50,000 ரூபாய் வரைதான். இந்திய ரூபாய் 25,000க்கு மேல் எடுத்துப் போகவோ கொண்டுவரவோ கூடாது. திரும்பி வரும்போது நோட்டு மட்டும் 5,000 டாலருக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் சொல்ல வேண்டும். மிஞ்சியதில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம், மற்றதை 180 நாளுக்குள் விற்க வேண்டும்.

விமான நிலையக் கவுன்டரைவிட ஊரில் உரிமம் பெற்ற மாற்றுக் கடை மலிவு. வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதிதான் உங்கள் செலவு. மடிப்பு, பேனாக் கோடு, பழைய வடிவ டாலர் நோட்டுகளை வாங்கும்போதே மறுத்துவிடுங்கள். அதே நோட்டை நீங்கள் திருப்பிக் கொடுத்தால் குறைத்துத்தான் எடுப்பார்கள்.

குழல்பணம்

வங்கி வழியில் வராமல் ஆள் மூலம் கைமாறும் ஹவாலாப் பணம்தான் குழல்பணம். வங்கியைவிட நல்ல விகிதம், வீட்டு வாசலில் ரொக்கம். எல்லையோரத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் வழிகாட்டி முழுமையாகாது. விகிதம் நல்லதாக இருப்பது உண்மை. அதன் விலை வேறு: ஃபெமா 13ஆம் பிரிவில் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், அந்தப் பணத்துக்குத் தாள் கிடையாது. அதில் நிலம் வாங்கிப் பத்திரம் போடும்போது பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. ரொக்கமாக இல்லாமல் முகம் தெரியாத யாரோ உங்கள் கணக்கில் போட்டார்கள் என்றால், அது எங்கோ நடந்த சைபர் மோசடிப் பணமாகவும் இருக்கலாம். கணக்கு முடங்கும், வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டிவரும்.

கழித்தது தவறு என்றால்

முதலில் வங்கியில் எழுத்தில் கேளுங்கள்: எந்த விகிதம், எந்த நேரத்தது, ஒவ்வொரு கழிவும் எதற்கு. வெளிநாட்டு வரவுக்கு வங்கி வரவு அறிக்கை தர வேண்டும், அதில் விகிதமும் நோக்கக் குறியீடும் இருக்கும். பணம் கழிந்து ஏடிஎம்மில் வராவிட்டால் இயந்திரத்தின் எண்ணும் நேரமும் உள்ள சீட்டைப் படம் எடுத்து, அட்டை கொடுத்த வங்கியில் புகார் செய்யுங்கள். ஏடிஎம் வைத்த வங்கியிடம் போய்ப் பயனில்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி எழுதலாம். வழி கேட்க 14448 என்ற எண் உண்டு. மலையாளத்திலும் தெலுங்கிலும் மட்டுமல்ல, தமிழிலும் பேசுவார்கள்.